மூன்றாம் தளத்தின் கிழக்கு

மூர்த்தி பதினோரு மென்பொருள்களைப் பார்த்து முடித்துவிட்டு, பன்னிரண்டாவதைப் பற்றிக் கேட்க ஆசானிடம் வந்தார்.

ஆசான் என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேட வேண்டாம். ஆசானின் பெயர் பூங்கோதை. வயது முப்பத்தெட்டு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். துணியை எந்த அளவில், எந்த வளைவில் வெட்ட வேண்டும் என்று கணினியில் வரைந்து கொடுப்பது அவர் வேலை. மூர்த்தி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரில் பாதி லிஃப்ட்டுகள் அவர் கைபட்ட பிறகுதான் ஒழுங்காக ஏறி இறங்குகின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு பட்டன் ஜிப் கடையின் மாடியில், ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாதாள ஆட்டம் ஆடுவார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். பாதாளத்தின் வரைபடம் அவரிடம் மட்டும், ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் இருக்கும். வடக்கே கதவு, அதைத் தாண்டி இருட்டு என்று அவர் வாயால் சொல்வார். மற்றவர்கள் வீரர்களாக அந்த இருட்டுக்குள் நுழைவார்கள். அடி விழுவதும் பிழைப்பதும் பகடை விழுவதைப் பொறுத்தது. அவர்களில் ஒருவர், காதால் கேட்டதை வைத்துப் பென்சிலால் மேப் போட்டுக்கொண்டே வருவார். பாதாளத்திலிருந்து திரும்பி வர அந்தத் தாளை விட்டால் வேறு வழி கிடையாது.

இந்த மேசைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. நடத்துபவரின் வரைபடத்தை, ஆட்டம் முடிந்த பிறகும் யாருக்கும் காட்டக் கூடாது. ஆறு வருடமாகப் பூங்கோதைதான் நடத்தி வருகிறார். அவர் வரைபடத்தின் ஓரத்தைக்கூட ஒருவரும் பார்த்ததில்லை. இப்போது முதல் முறையாக மூர்த்தி நடத்தப் போகிறார். அதற்குத்தான் இத்தனை மென்பொருள்.

"ஒண்ணுல கலர் அருமையா இருக்குதுங்க, ஆசான். ஆனா அஞ்சு தளத்துக்கு அஞ்சு ஃபைல். இன்னொண்ணுல எல்லாத் தளமும் ஒரே ஃபைல்ல வருது, ஆனா சுவர் வளைய மாட்டேங்குது. முப்பரிமாணத்துல ஒண்ணு இருக்குதுங்க. சுத்திச் சுத்திப் பார்க்கலாம். பார்த்துட்டே இருந்ததுல ஒரு வாரம் போயிருச்சு."

"வரைஞ்சீங்களா?"

"இன்னும் இல்லீங்க. முதல்ல சாஃப்ட்வேர் முடிவு பண்ணிட்டு வரையலாம்னு. நீங்க எதுலீங்க வரையறீங்க?"

"பனியன் வெட்டற சாஃப்ட்வேர்ல."

மூர்த்தி சிரித்தார். பூங்கோதை சிரிக்கவில்லை.

"நெசமாவா?"

"கம்பெனியில அதுதாங்கண்ணா தொறந்து கிடக்குது. கழுத்து வளைவு வரையற கோட்டுல குகை வராதா?"

மூர்த்திக்கு முகம் சுண்டிப்போனது. இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கேட்ட கேள்விக்குப் பனியன்தான் பதிலா என்று இருந்தது. ஆசான் விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தார். பூங்கோதை டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க பாதாளத்துல எத்தனை தளம்?"

"அஞ்சுங்க."

"ரெண்டாவது தளத்துல கிழக்குக் கோடியில நின்னு ஒருத்தன் சுத்தியலால தரையைத் தட்டறான். கீழே யாருக்குக் கேக்கும்?"

மூர்த்தி யோசித்தார். கீழே என்ன இருக்கிறது என்று அவருக்கு இன்னும் தெரியாது.

"அது தெரிஞ்ச பொறகு வாங்க. அப்பச் சாஃப்ட்வேர் பேசலாம்."

மூர்த்தி கெட்டிக்காரர். அந்தக் கேள்விக்கான பதிலும் ஏதாவது மென்பொருளில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். இருக்கவும் இருந்தது. பன்னிரண்டாவது மென்பொருளில், ஒரு தளத்தை வரையும்போதே அடுத்த தளம் சாம்பல் நிறத்தில் மங்கலாகக் கீழே தெரிந்தது. எந்த அறைக்குக் கீழே எந்த அறை என்று கண்ணால் பார்த்துக்கொண்டே வரையலாம். அச்சுக்குக் கொடுத்தால் ஒவ்வொரு தளத்தையும் தாளுக்கு ஏற்றபடி அதுவே பொருத்திக்கொள்ளும். நமக்கு ஒரு வேலையும் வைக்காது.

இரண்டு வாரத்தில் ஐந்து தளங்களையும் வரைந்துவிட்டார். லிஃப்ட்காரர் அல்லவா, படிக்கட்டை ஒவ்வொரு தளத்திலும் நட்டநடுவில் வைத்தார். தூக்குக்குண்டு விட்டால் ஐந்து தளத்தையும் தொட்டுக்கொண்டு நேராக இறங்கும். பார்க்கப் பார்க்க அவருக்கே பெருமையாக இருந்தது.

ஆசானிடம் போனார்.

"கீழே மூணாவது தளத்துல ஒரு சின்ன அறைங்க. மேலே இருந்து ஒரு குழி நேரா அதுக்குள்ளதான் இறங்குது. தட்டினா அங்க கேக்கும்."

"ஞாயித்துக்கிழமை நடத்துங்க" என்றார் பூங்கோதை. எந்த மென்பொருள் என்று அவர் கேட்கவே இல்லை. அது மூர்த்திக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் மூன்று ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். சாயப்பட்டறை மேஸ்திரி தங்கராசு, தபால் ஆபீஸ் ஸ்டெல்லா, லேபிள் அச்சடிக்கும் யூனிட்டில் வேலை பார்க்கும் ஷர்புதீன்.

தங்கராசுவின் வீரனுக்குக் கடப்பாரை என்று பெயர். ஆறு வருடமாக அதே வீரன். வேறு யாருடைய வீரனாவது செத்தால் தங்கராசு பிஸ்கட் வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொல்வார். கடப்பாரை சாவான் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஷர்புதீன் பேசுவது குறைவு. மேப் போடுவது அவர்தான். ஆறு வருடத்துத் தாள்களும் தேதி எழுதி ஒரு கோப்பில் இருக்கின்றன. பூங்கோதை அன்று ஆடவில்லை. ஷர்புதீன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் தளம் நன்றாகப் போனது. இரண்டாம் தளத்தின் கிழக்குக் கோடியில் ஒரு குழியைப் பார்த்தார்கள். பந்தத்தை இறக்கிப் பார்த்தால் கீழே தரை தெரிந்தது. கடப்பாரை ஒரு கயிற்றை இரும்பு வளையத்தில் கட்டிக் குழிக்குள் தொங்கவிட்டான்.

"இது கிடக்கட்டும்ங்க. அவசரத்துக்கு ஆகும்" என்றார் தங்கராசு.

பிறகு நடுவில் இருந்த படிக்கட்டு வழியாகவே மூன்றாம் தளத்துக்கு இறங்கினார்கள். மூர்த்தி தாளைப் பார்த்துச் சொன்னார்.

"வட்டமான கூடம். நாலு பக்கமும் வழி இருக்குதுங்க."

வடக்கே போனார்கள். அங்கே ஒரு சிலை இருந்தது. ஸ்டெல்லாவின் மந்திரக்காரி சிலையின் கண்ணில் இருந்த கல்லைப் பிடுங்கினாள். ஸ்டெல்லா எதையும் பிடுங்காமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. சுவரின் எல்லாத் துளைகளிலிருந்தும் தண்ணீர் வர ஆரம்பித்தது. ஓடி வந்து பார்த்தால் படிக்கட்டின் மேல் ஒரு பாறை விழுந்து வழியை அடைத்திருந்தது.

ஷர்புதீன் தன் இரண்டு தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"நம்ம கயிறு இருக்குதுங்க. இங்கிருந்து கிழக்கே அறுபது அடி."

"ஓடு!" என்றார் தங்கராசு.

மூர்த்தி தாளைப் பார்த்தார். விரலால் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"அறுபது அடிங்க. எதிரே சுவர்."

"கயிறு?"

"கயிறு இல்லீங்க. சுவர்தான்."

அவர்கள் தப்பித்துப் போகட்டும் என்றுதான் மூர்த்தியின் மனம் அடித்துக்கொண்டது. ஆனால் வரைபடத்தில் சுவர் இருந்தால் சுவர்தான். அதை மாற்றிச் சொன்னால் ஆட்டம் எதற்கு?

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. கடப்பாரை திரும்பி ஓடிப் படிக்கட்டுப் பாறையைத் தோளில் தூக்கிப் பிடித்தான். அந்த இடுக்கில் மற்ற இருவரும் நுழைந்து வெளியேறினார்கள். தானும் வெளியேறத் தங்கராசு இருபது முகப் பகடையை உருட்டினார். இரண்டு விழுந்தது. பதினைந்து வேண்டும்.

கடப்பாரை மூழ்கிப்போனான்.

தங்கராசு பகடையைத் தள்ளி வைத்தார். பிறகு ஷர்புதீன் பக்கம் திரும்பினார்.

"ஏந்தம்பி, எங்க போட்ட கிழக்க?"

"கேட்டபடிதாண்ணா போட்டேன்."

"கேட்டபடி போட்டா சுவர் எப்படி வந்துச்சு? ஆறு வருசம் தம்பி. ஆறு வருசம்!"

ஷர்புதீன் மூர்த்தியைப் பார்த்தார். மூர்த்திக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது.

"விடுங்க தங்கராசு. காதுல கேட்டு வரையறப்பக் கொஞ்சம் முன்னே பின்னே தப்பறது சகஜம்தானுங்களே."

ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஷர்புதீன் தாள்களை மடிக்காமல் மேசையிலேயே வைத்தார். பென்சிலை அதன் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். புதன்கிழமை வாட்ஸப்பில் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. இனி ஞாயிறுகளில் வர முடியாது, யூனிட்டில் வேலை அதிகம். ஞாயிற்றுக்கிழமை அந்த யூனிட்டுக்கு விடுமுறை என்பது எல்லாருக்கும் தெரியும்.

அந்த வார ஞாயிறு மேசை கூடவில்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் மூர்த்தி பனியன் கம்பெனிக்கே போய்விட்டார். வெட்டு மேசையில் துணி அடுக்கடுக்காக விரித்துக் கிடந்தது. பூங்கோதை ஓரத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஆசான், ஒரு புது சாஃப்ட்வேர் பார்த்து வெச்சிருக்கேனுங்க. பதிமூணாவது. டிவியோட இணைச்சுட்டாப் போதும். அவங்க போகப் போக அறை ஒண்ணொண்ணா அதுவே வெளிச்சமாகும். யாரும் பென்சில் பிடிக்க வேண்டாம். மேப் போடற ஆளே வேண்டாமுங்க."

"யாருக்காக?"

"ஷர்புதீனுக்காகத்தான். அந்த மனுசன் இனித் தப்பா வரைஞ்சு பேச்சு வாங்க வேண்டியதில்லை பாருங்க. நிம்மதியா வந்து ஆடலாம்."

பூங்கோதை டப்பாவை மூடினார்.

"பிரிண்ட் இருக்குதுங்களா?"

மூர்த்தி பையைத் தொட்டார். எடுக்கவில்லை.

"காட்டலாமுங்களா? வழக்கம் இருக்குதே."

"ரெண்டாவதையும் மூணாவதையும் மட்டும் வைங்க. நான் ஆடலை."

மூர்த்தி இரண்டு தாள்களையும் வைத்தார். பூங்கோதை இரண்டாம் தளத்தை மூன்றாம் தளத்தின் மேல் வைத்து ஓரம் தட்டி அடுக்கினார். தோளில் குத்தியிருந்த குண்டூசி ஒன்றை எடுத்தார். நடுவில் இருந்த படிக்கட்டில் குத்தி, கீழே ஒரு துணித்துண்டில் ஏற்றினார்.

"படி பொருந்துதுங்களா?"

"பொருந்தாமங்க? அஞ்சு தளமும் நூல் பிடிச்ச மாதிரி இருக்குமே."

பூங்கோதை அடித்தாளின் ஓரத்தை விரலால் தட்டிவிட்டார். அது ஊசியில் மாட்டியபடியே கொஞ்சம் சுற்றி நின்றது.

"இப்பப் படி பொருந்துதுங்களா?"

"பொருந்துதுங்க."

இன்னொரு தட்டு தட்டினார். தாள் இன்னும் கொஞ்சம் சுற்றியது.

"இப்ப?"

"இப்பவும் பொருந்து..."

மூர்த்தி பாதியில் நிறுத்தினார்.

பூங்கோதை தாளைப் பழையபடி நேராக வைத்தார். இரண்டாவது ஊசியை எடுத்து மூர்த்தியின் கையில் கொடுத்தார்.

"குழியில குத்துங்க."

மூர்த்தி இரண்டாம் தளத்தின் கிழக்கே இருந்த குழியில் குத்தினார். மேல் தாளைத் தூக்கிப் பார்த்தார். ஊசி மூன்றாம் தளத்தில் வெறும் பாறைக்குள் நின்றுகொண்டிருந்தது. குழி இறங்க வேண்டிய சின்ன அறை தாளின் அடிப்பக்கத்தில் இருந்தது.

ஊசியைப் பிடுங்கிவிட்டு, அடித்தாளை அவரே மெதுவாகத் திருப்பினார். சரியாகக் கால் சுற்று திருப்பியதும் சின்ன அறை மேலே ஏறி, குழிக்குக் கீழே வந்து நின்றது.

ஐந்து தளத்தில் நான்கு, கிழக்கு மேற்காக நீளமானவை. மூன்றாம் தளம் மட்டும் வடக்கு தெற்காக நீளம். தாளில் அடங்காததால் மென்பொருள் அதை ஒரு பக்கமாகச் சாய்த்து அச்சிட்டிருந்தது. திரையில் மூலையில் இருக்கும் திசைக்குறி தாளில் வராது. தாளின் மேல்பக்கத்தை வடக்கு என்று மூர்த்தி சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்.

"தாளுக்கு ஏத்தபடி அதுவே பொருத்திக்கிச்சுங்க" என்றார்.

"துணி அடுக்குக்கு நாங்க ரெண்டு இடத்துல குத்துவோம்" என்றார் பூங்கோதை.

"ஷர்புதீன் போட்டது சரிதானுங்களா?"

"நீங்க சொன்னதைப் போட்டார்."

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமுங்களா?"

"உங்க தாளை நான் பார்த்ததில்லை. அவர் தாளை ஆறு வருசமாப் பார்க்கறேன்."

மூர்த்தி அவசரமாகத் தாள்களைப் பைக்குள் திணித்தார்.

"இன்னிக்கே மூணாவது தளத்தைத் திருப்பிப் பிரிண்ட் எடுத்துடறேனுங்க. சரியாயிரும்."

"யாருக்கு?"

பூங்கோதை மேசை இழுப்பறையிலிருந்து ஷர்புதீன் விட்டுப்போன இரண்டு தாள்களையும் எடுத்து மூர்த்தியிடம் கொடுத்தார். பிறகு டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.

லேபிள் யூனிட்டில் ரிப்பன் சுருள்களுக்கு நடுவே ஷர்புதீன் நின்றுகொண்டிருந்தார். மூர்த்தியைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"வாங்கண்ணா. லிஃப்ட் இங்க கிடையாதே."

மூர்த்தி சுற்றி வளைக்கவில்லை. ஷர்புதீனின் தாள்களை அவரிடம் கொடுத்து, தன் தாள் சாய்ந்திருந்ததைச் சொன்னார். தான் சொன்ன கிழக்கு கிழக்கே இல்லை என்று சொன்னார். ஷர்புதீனின் முகம் மலரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். மலரவில்லை.

"எட்டு நாளா அதையேதாண்ணா வரைஞ்சு பார்க்கறேன். நீங்க சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்குது. பதினாலு தடவை போட்டேன். பதினாலு தடவையும் கயிறு கிழக்கேதான் வந்துது. அப்பக் காதுதான் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன். இங்க சூப்பர்வைசர் ஏதாவது சொன்னா ரெண்டாவது தடவை கேட்டுக்கறேன்."

மூர்த்திக்கு எங்கேயாவது உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார இடமில்லை.

"தங்கராசண்ணன் கத்தினது பெருசில்லை. அவரு வீரன் செத்துட்டான், கத்தத்தான் செய்வாரு. நீங்க ஒண்ணு சொன்னீங்க பாருங்க, தப்பறது சகஜம்னு. அதுதாண்ணா தாங்கலை."

"அந்தப் பேச்சை நான் திருப்பி எடுத்துக்கறேன் ஷர்புதீன்."

"எங்கிட்ட மட்டும் சொல்லியா?"

மூர்த்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார்.

ஷர்புதீன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மெஷினை மறுபடி ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மற்ற நால்வரும் இருந்தார்கள். தங்கராசு புது வீரன் ஒருவனை எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. பத்தே காலுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஷர்புதீன் உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

மூர்த்தி எழுந்தார். மேசையில் இருந்த அட்டைத் தடுப்பை மடக்கிக் கீழே வைத்தார். தன் வரைபடங்கள் இரண்டையும் எல்லாரும் பார்க்கும்படி நடுவில் விரித்தார். ஸ்டெல்லா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறு வருடப் பழக்கம் அது.

"பாருங்க. பார்த்தாத்தான் ஆகும்" என்றார் மூர்த்தி.

இரண்டு ஊசியையும் குத்திக் காட்டினார். தாளைத் திருப்பிக் காட்டினார்.

"தப்பு என் தாள்ல. ஷர்புதீன் ஒரு அடி தப்பலை. அன்னிக்கு நான் அவரைப் பத்திச் சொன்னது பொய். தெரியாமச் சொன்ன பொய், ஆனாப் பொய்தான். கடப்பாரை செத்தது என்னாலதான்."

தங்கராசு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்தப்போகிறார் என்று ஸ்டெல்லா பகடைகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

தங்கராசு எழுந்து, தன் பக்கத்து நாற்காலியை இழுத்துத் துண்டால் ஒரு தட்டுத் தட்டினார்.

"வந்து உக்காரு தம்பி. பென்சில் போன வாரமே சீவி வெச்சுட்டேன்."

ஷர்புதீன் வந்து உட்கார்ந்தார்.

மூர்த்தி தடுப்பை மறுபடி நிறுத்தினார். தன் வரைபடங்களை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"தண்ணி இடுப்புக்கு வந்துருச்சுங்க. படியை அடைச்சுட்டுப் பாறை கிடக்குது. என்ன பண்றீங்க?"

தங்கராசுவுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் புது வீரனின் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்ததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"தம்பி, எந்தப் பக்கம்?"

ஷர்புதீன் தாளில் விரலை வைத்தார்.

"கிழக்கேண்ணா. அறுபது அடி."

"ஓடறோம்."

மூர்த்தி கவிழ்த்த தாளைத் தொடவில்லை.

"அறுபது அடி. கயிறு தொங்குதுங்க."

ஒரு மணிக்கு எல்லாரும் கிளம்பினார்கள். தங்கராசு ஷர்புதீனை வண்டியில் ஏற்றிக்கொண்டு பிரியாணிக்கடைப் பக்கம் போனார். மாடியில் மூர்த்தியும் பூங்கோதையும் மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஆசான், ஒண்ணு கேக்கணும்ங்க."

"கேளுங்கண்ணா."

"அடுத்த வாரம் அவங்க மறுபடி மூணாவது தளத்துக்குப் போவாங்க. பிரிண்ட்டைத் திருப்பினாக் கயிறு கிழக்கே சரியா வந்துருது. ஆனாச் சிலை மேற்கே போயிருது. அவங்க சிலைக்கு வடக்கேதான் நடந்தாங்க. நான்தான் வடக்குன்னு சொன்னேன். சரி, திருப்பாம விடலாம்னு பார்த்தாச் சிலை வடக்கே நிக்குது, கயிறு தெற்கே போயிருது. நேத்துப் பூரா உட்கார்ந்தேனுங்க. சிலையும் கயிறும் அவங்க பார்த்த இடத்துலயே நிக்கணும்னா, எந்த சாஃப்ட்வேர்லீங்க வரையறது?"

பூங்கோதை மேசையில் இருந்த கோப்பைத் திறந்து, கடப்பாரை மூழ்கிய நாளின் தேதி போட்ட ஷர்புதீனின் பென்சில் தாளை எடுத்து மூர்த்தியிடம் நீட்டினார்.

"இதைப் பார்த்துப் போடுங்க. எதுல போட்டாலும் சரி."